ஏ.டி.எச்.டி. மதிப்பீட்டுக்குப் போகும் முன்: கோப்பு, செலவு, காலம்

என் மகளுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகையியக்கமும் கொண்ட கோளாறு) இருப்பது உறுதியாக 14 மாதங்கள் ஆயின. அவளுக்கான படிவங்களை நிரப்பும்போது ஒவ்வொரு கேள்வியிலும் என் பள்ளி நாள்களே நினைவுக்கு வந்ததால், மறு ஆண்டு நானும் மதிப்பீட்டுக்குப் போனேன். என் முடிவு 7 வாரங்களில் கைக்கு வந்தது. முதல் முறை வெறுங்கையோடு போயிருந்தேன், இரண்டாம் முறை ஒரு கோப்போடு போனேன். இடையில் வேறு பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அந்தக் கோப்பில் என்ன இருக்க வேண்டும், அதை எப்போது யாரிடம் காட்ட வேண்டும், பணமும் நாள்களும் எங்கே வீணாகின்றன என்பதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

1. மருத்துவர் எதைத் தேடுகிறார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஏ.டி.எச்.டி.யை உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ கிடையாது. மருத்துவர் உங்கள் வாழ்க்கையை ஓர் அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 பரவலாகப் பயன்படும் அளவுகோல்; உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 மற்றொன்று. டி.எஸ்.எம்.-5இல் கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகளும், மிகையியக்கம், யோசியாமல் செயல்படுதல் ஆகிய இரண்டுக்கும் சேர்த்து 9 அறிகுறிகளும் உள்ளன. இரண்டு பட்டியல்களில் ஏதேனும் ஒன்றிலாவது 6 அறிகுறிகள் இருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 5 போதும். அவை 6 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும், அவற்றுள் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும், வீடு, பள்ளி, வேலையிடம் போன்றவற்றில் குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும், அன்றாட வாழ்வைப் பாதித்திருக்க வேண்டும், வேறொரு நோயால் வந்தவையாக இருக்கக் கூடாது.

இந்த நிபந்தனைகளை ஒரு தாளின் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வலப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் உள்ள சான்றைக் குறியுங்கள். எந்த வரிக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறதோ, அங்கேதான் உங்கள் மதிப்பீடு தடைபடும்.

இந்த இடத்திலேயே பலர் வழி தவறுகிறார்கள். ஓடியாடிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குத்தான் ஏ.டி.எச்.டி. வரும் என்ற எண்ணம் பள்ளிகளில் வேரூன்றியிருக்கிறது. என் மகள் வகுப்பில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள், ஆனால் பாடம் அவள் காதில் விழாது. ‘சாதுவான பெண், கொஞ்சம் கனவு காண்பாள்’ என்றுதான் ஆசிரியர்கள் நான்கு ஆண்டுகளாக எழுதிக் கொடுத்தார்கள். கவனக்குறைவு மட்டும் மேலோங்கிய வகை, அதிலும் சிறுமிகளிடம், தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: ஒரே வகுப்பில் வயதில் மிகச் சிறிய பிள்ளைகளுக்கு ஏ.டி.எச்.டி. என்ற முடிவு கூடுதலாகத் தரப்படுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்கள் பிள்ளை வகுப்பிலேயே இளையவர் என்றால் அதை மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நாங்கள் முதலில் போன இடத்தில் மூளை ஸ்கேனும், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் எடுக்கச் சொன்னார்கள். பணம் கட்டி எடுத்தோம், எல்லாம் இயல்பாக இருப்பதாக அறிக்கை வந்தது, இரண்டு மாதங்கள் போயின. வலிப்பு ஏற்படுவதாக ஐயம் இருந்தால் இ.இ.ஜி.க்குப் பொருள் உண்டு. பிள்ளை திடீரெனச் சில நொடிகள் உறைந்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல் இருந்தால் அதை அவசியம் சொல்ல வேண்டும். அப்படி எதுவும் இல்லாதபோது, எந்தக் கேள்விக்கு விடை தேட இந்தப் பரிசோதனை என்று கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

2. சரியான மருத்துவரைத் தேர்ந்தெடுங்கள்

குழந்தைகளுக்கு என்றால் குழந்தை மனநல மருத்துவர், குழந்தை வளர்ச்சியில் சிறப்புப் பயிற்சி பெற்ற குழந்தைகள் நல மருத்துவர், குழந்தை நரம்பியல் மருத்துவர் ஆகியோரில் ஒருவர். பெரியவர்களுக்கு மனநல மருத்துவர். மருத்துவ உளவியலாளர் விரிவான மதிப்பீடு செய்வார், ஆனால் பெரும்பாலான நாடுகளில் அவரால் மருந்து எழுதித் தர இயலாது. அதனால் உளவியலாளரிடம் தொடங்கினால், அவருடைய அறிக்கையை ஏற்றுக்கொண்டு சிகிச்சை தொடங்கும் மருத்துவர் யார் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். அதைக் கேட்காமல் விட்டதால் ஒரே மதிப்பீட்டுக்கு நாங்கள் இரண்டு முறை பணம் செலுத்தினோம்.

நேரம் பதிவு செய்யும்போது தொலைபேசியிலேயே கேட்க வேண்டியவை சில உண்டு. இந்த மருத்துவர் பெரியவர்களுக்கும் ஏ.டி.எச்.டி. மதிப்பீடு செய்வாரா? முதல் சந்திப்பு எத்தனை நிமிடம்? பரிந்துரைக் கடிதம் தேவையா? கேள்வித்தாள்களை முன்கூட்டியே அனுப்புவார்களா? எழுத்துப்பூர்வமான அறிக்கை கட்டணத்தில் அடங்குமா? இது குழந்தைகளுக்கு மட்டும் வருவது, வளர்ந்தால் போய்விடும் என்று யாரேனும் சொன்னால் அவரோடு வாதிட வேண்டாம், வேறொருவரைத் தேடுங்கள். பலருக்கு இது முதிர்ந்த வயதிலும் தொடர்கிறது.

3. கோப்பைத் தயார் செய்யுங்கள்

கட்டுரையின் மற்ற பகுதிகளைப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் இதைப் படியுங்கள்.

குழந்தைக்கான கோப்பில் முதலிடம் பள்ளி முன்னேற்ற அறிக்கைகளுக்கு. மதிப்பெண்களை விட, ஆசிரியர்கள் ஓரத்தில் கிறுக்கியிருக்கும் குறிப்புகளே பயன்படும். ‘எளிதில் கவனம் சிதறுகிறது’, ‘வீட்டுப் பாடத்தை முடிப்பதில்லை’ போன்ற வரிகள் மூன்று வெவ்வேறு ஆண்டுகளில், மூன்று வெவ்வேறு கையெழுத்துகளில் இருந்தால் அதைவிட வலுவான சான்று வேறில்லை. அடுத்து, இப்போது பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவரிடமிருந்தாவது ஒரு பக்கக் கடிதம். ‘என் பிள்ளையைப் பற்றி எழுதித் தாருங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் நற்சான்றிதழ்தான் வரும். ஒரு வேலையைத் தொடங்கினால் முடிக்கிறாளா, எத்தனை முறை நினைவூட்ட வேண்டியிருக்கிறது, மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் எப்படி என்று குறிப்பாகக் கேளுங்கள். பாதியில் நின்ற பாடங்கள் உள்ள குறிப்பேட்டிலிருந்து இரண்டு மூன்று பக்கங்களைப் படியெடுத்து வையுங்கள்.

பிறப்பும் வளர்ச்சியும் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். குறைமாதப் பிரசவமா, பிறந்தபோது எடை எவ்வளவு, எப்போது நடந்தாள், எப்போது பேசினாள், தலையில் அடிபட்டதுண்டா, வலிப்பு வந்ததுண்டா என்பவை அதில் வரும். குடும்ப மருத்துவ வரலாறு தனிப் பக்கம். குடும்பத்தில் வேறு யாருக்கேனும் ஏ.டி.எச்.டி., இருமுனைக் கோளாறு, கட்டுப்படுத்த முடியாத உடல் வெட்டிழுப்பு உண்டா என்பதும், நெருங்கிய உறவினர் எவரேனும் 40 வயதுக்குள் இதயக் கோளாறால் திடீரென இறந்தாரா என்பதும் அதில் இருக்க வேண்டும். பின்னால் மருந்து தொடங்கும்போது அந்தக் கடைசித் தகவல் கட்டாயம் தேவைப்படும். அந்த நேரத்தில் உறவினர்களுக்குத் தொலைபேசி செய்துகொண்டிருக்க முடியாது.

இவற்றோடு, கடந்த 6 மாதங்களில் நடந்த பத்து நிகழ்வுகளின் பட்டியல் ஒன்று. தேதி, இடம், என்ன நடந்தது, யார் வந்து சரிசெய்தார்கள் என்று நான்கு வரிகள் போதும். ‘எப்போதும் மறந்துவிடுகிறாள்’ என்ற வாக்கியம் மருத்துவருக்கு எதையும் சொல்வதில்லை. ‘பேனாவை நான் பையில் வைத்திருந்தும், ஒரே மாதத்தில் மூன்று முறை பேனா இல்லாமல் தேர்வுக்குப் போனாள்’ என்பது சொல்லும். கடைசியாக, இரண்டு வாரத் தூக்கப் பதிவு. படுத்த நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம், குறட்டை உண்டா என்ற விவரம் இருந்தால் போதும்.

பெரியவர்களுக்கு வரும் பெரும் சிக்கல், 12 வயதுக்கு முந்திய சான்று. பழைய முன்னேற்ற அறிக்கைகள் பரணில் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் உங்களைச் சிறுவயதில் பார்த்த ஒருவரின், அதாவது பெற்றோர், மூத்த உடன்பிறப்பு போன்றவர்களின் வாக்குமூலம் உதவும். ஏ.டி.எச்.டி. பற்றி அவர்களிடம் விளக்கிவிட்டுக் கேட்காதீர்கள். ‘பத்து வயதில் நான் எப்படி இருந்தேன்?’ என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். என் அண்ணன் சொன்ன ‘வீட்டுச் சாவியை உன்னிடம் கொடுக்கவே கூடாது என்று அம்மா சட்டம் போட்டிருந்தார்’ என்ற ஒரு வரியை மருத்துவர் இரண்டு முறை அடிக்கோடிட்டார். நடப்பு வாழ்க்கைக்கு, தாமதக் கட்டண ரசீதுகள், பாதியில் விட்ட படிப்புகள், அடிக்கடி மாறிய வேலைகளின் பட்டியல், அலுவலக மதிப்பீட்டுக் கடிதங்கள், துணைவர் எழுதிய ஒரு பக்கம் ஆகியவை போதும். மதுவோ வேறு போதைப் பொருளோ பயன்படுத்துவதுண்டு என்றால் மறைக்காதீர்கள். அது முடிவையும் மருந்துத் தேர்வையும் மாற்றும்.

எல்லாவற்றையும் படியெடுத்து, மூலங்களை வீட்டில் வைத்துவிட்டு, மேலே ஒரு பக்கச் சுருக்கத்தை வையுங்கள். அறுபது பக்கங்களைப் படிக்க எந்த மருத்துவருக்கும் நேரம் இருக்காது. கவனச்சிதறல் உள்ள ஒருவரைப் பார்த்து, ஆவணங்களைத் தேடி அடுக்கி வா என்று சொல்வதில் உள்ள கொடுமை எனக்குத் தெரியாமல் இல்லை. என் கோப்பை முடித்தது நான் இல்லை, என் கணவர். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தால் கேட்கத் தயங்காதீர்கள்.

4. வேறு காரணங்களை விலக்கிவிட்டுப் போங்கள்

காதும் கண்ணும் முதலில் பரிசோதிக்கப்பட வேண்டும். சரியாகக் கேட்காத பிள்ளை சொன்னதைச் செய்யாத பிள்ளையாகவே தெரியும். குறட்டையும் இடையிடையே மூச்சுத் தடையும் உள்ள பிள்ளைகள் பகலில் கவனமின்றி, அமைதியின்றி இருப்பார்கள். தைராய்டுக் கோளாறு, இரத்தச்சோகை, பதற்ற நோய், மனச்சோர்வு, கற்றல் குறைபாடு ஆகியவையும் இதே முகத்தோடு வரலாம். குடும்ப மருத்துவரிடம் இவற்றுக்கான எளிய பரிசோதனைகளை முன்பே முடித்து முடிவுகளைக் கோப்பில் சேர்த்தால், ‘இதையெல்லாம் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பப்பட மாட்டீர்கள்.

இவற்றில் ஒன்று இருப்பதாலேயே ஏ.டி.எச்.டி. இல்லை என்றாகிவிடாது, இரண்டும் சேர்ந்தே வருவது மிகச் சாதாரணம். ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதை டி.எஸ்.எம். 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஏற்கிறது. ஏதாவது ஒன்றுதான் இருக்க முடியும் என்று உங்களிடம் சொல்லப்பட்டிருந்தால் மீண்டும் கேளுங்கள்.

5. மதிப்பீட்டு நாளும் கேள்வித்தாள்களும்

குழந்தைகளுக்கு வாண்டர்பில்ட், கானர்ஸ், ஸ்னாப்-4 போன்ற கேள்வித்தாள்களும், பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர்.எஸ்., டீவா-5 நேர்காணல் போன்றவையும் பயன்படுகின்றன. ஏ.எஸ்.ஆர்.எஸ்.ஸில் 18 கேள்விகள். அவற்றில் முதல் 6 கேள்விகள்தான் இணையத்தில் ‘உங்களுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறதா?’ என்ற தலைப்போடு சுற்றிவருபவை. அவை மேலும் பார்க்க வேண்டுமா என்று சொல்லும் சல்லடை மட்டுமே.

தாயும் தந்தையும் தனித்தனியாக நிரப்புங்கள். விடைகள் வேறுபட்டால் அதுவும் ஒரு தகவல்தான். மிகைப்படுத்தவும் வேண்டாம், வெட்கத்தால் குறைக்கவும் வேண்டாம். நீங்கள் கூடவே நின்று தாங்கிப் பிடிப்பதால் சரியாக நடக்கிற விஷயங்களை, நீங்கள் இல்லாவிட்டால் எப்படி நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆசிரியருக்கான படிவத்தைக் கல்வியாண்டின் முதல் வாரங்களில் கொடுத்தால் அவருக்குப் பிள்ளையைத் தெரிந்திருக்காது. நீண்ட விடுமுறையில் கொடுக்க ஆளே இருக்க மாட்டார். எனவே பள்ளி நாள்காட்டியைப் பார்த்த பிறகே மருத்துவரிடம் தேதி வாங்குங்கள். எங்கள் 14 மாதங்களில் மூன்று மாதங்கள் இந்த ஒரு படிவத்துக்காகக் காத்திருந்தவை.

மருத்துவரின் அறையில் பிள்ளை மிக ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் மனம் தளராதீர்கள். புதிய இடம், தனக்கென்றே பேசும் ஒருவர், ஆர்வமூட்டும் பொருள்கள் ஆகியவை இருக்கும் இடத்தில் அறிகுறிகள் அடங்கியிருப்பது தெரிந்த விஷயம். மணிக்கணக்கில் வீடியோ கேம் விளையாட முடிகிறதே என்ற வாதத்துக்கும் இதுவே விடை. மதிப்பீடு ஒரே அமர்வில் முடியலாம், மூன்று அமர்வுகளும் ஆகலாம். பத்து நிமிடப் பேச்சில், எந்தச் சான்றையும் பார்க்காமல் ‘உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ முடிவு வந்தால் இரண்டாவது கருத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

இன்னொரு பொறி: ‘மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்போம், பலன் தெரிந்தால் ஏ.டி.எச்.டி.தான்.’ இந்த மருந்துகள் ஏ.டி.எச்.டி. இல்லாதவர்களின் விழிப்பையும் கூட்டக்கூடியவை. ஆகவே பலன் தெரிவது சான்றாகாது.

6. அறிக்கையை அங்கேயே சரிபாருங்கள்

அறிக்கையில் முடிவு மட்டும் இருந்தால் போதாது. கவனக்குறைவு மேலோங்கியது, மிகையியக்கம் மேலோங்கியது, இரண்டும் கலந்தது ஆகியவற்றில் எந்த வகை, எவ்வளவு தீவிரம், எந்தெந்த ஆதாரங்களைப் பார்த்தார்கள், எந்த வேறு காரணங்களை விலக்கினார்கள், படிப்பிலும் வேலையிலும் பாதிப்பு என்ன, பரிந்துரைகள் என்ன என்பவை இருக்க வேண்டும்; மருத்துவரின் கையொப்பமும் பதிவு எண்ணும் தேதியும் வேண்டும். பெயரின் எழுத்துகள் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். திருத்தம் வாங்க மீண்டும் நேரம் பதிவு செய்ய வேண்டிவரும். தேர்வில் கூடுதல் நேரம் கேட்கப்போகிறீர்கள் என்றால் அந்தச் சொற்களிலேயே பரிந்துரை எழுதித் தரச் சொல்லுங்கள். பல தேர்வு அமைப்புகள் சில மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் கேட்கும், பழைய அறிக்கைகளை ஏற்க மறுக்கும் அமைப்புகளும் உண்டு.

7. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

பொது மருத்துவமனையில் பணத்துக்குப் பதில் காத்திருப்பு. தனியாரிடம் காத்திருப்புக்குப் பதில் பணம். இரண்டையும் கலப்பதாக இருந்தால், அதாவது தனியாரிடம் மதிப்பீடு, பொது மருத்துவமனையில் மருந்து என்று திட்டமிட்டால், அந்த அறிக்கையை ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

முதல் சந்திப்பின் கட்டணத்தை மட்டும் கணக்கில் வைத்துப் போகிறவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள். கேள்வித்தாள் மதிப்பீட்டுக் கட்டணம், அறிக்கைக் கட்டணம், மருந்தின் அளவைச் சரிசெய்யும் மாதங்களில் அடுத்தடுத்த சந்திப்புகள், மாதந்தோறும் மருந்து, பெற்றோர் பயிற்சி அல்லது உளவியல் சிகிச்சை ஆகியவற்றையும் சேர்த்து முதல் ஓர் ஆண்டுக்குத் திட்டமிடுங்கள். நுண்ணறிவுத் தேர்வு ஏ.டி.எச்.டி.யைக் கண்டறியத் தேவையில்லை. கற்றல் குறைபாடும் இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால்தான் அதற்குப் பணம் செலவிட வேண்டும். காப்பீடு இருந்தால் முன் அனுமதி, பரிந்துரைக் கடிதம், நோய்க் குறியீட்டு எண் ஆகிய மூன்றும் தேவையா என்பதைச் சந்திப்புக்கு முன் கேளுங்கள், பின்னர் கேட்டால் பயனில்லை.

8. மருந்து தொடங்கும்போது

6 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோருக்கான நடத்தை மேலாண்மைப் பயிற்சிதான் முதல் படி. அதற்கு மேற்பட்ட வயதினருக்கு மருந்தும் நடத்தைச் சிகிச்சையும் சேர்ந்து வரும். மருந்துகள் இரு வகை. மெத்தில்ஃபெனிடேட்டும் ஆம்ஃபெட்டமின் குடும்பமும் ஊக்கி வகை. அட்டமாக்ஸிட்டின், குவான்ஃபசின், குளோனிடின் ஆகியவை ஊக்கியல்லாதவை. ஊக்கிகள் எடுத்த அன்றே வேலை செய்யும். குறுகிய நேர மெத்தில்ஃபெனிடேட் சுமார் 3 முதல் 4 மணி நேரமும், நீண்ட நேர வடிவங்கள் 8 முதல் 12 மணி நேரமும் நீடிக்கும். அட்டமாக்ஸிட்டினின் முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரங்களும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். இதை அறியாமல் இரண்டாவது வாரமே நிறுத்திவிடுகிறவர்கள் பலர்.

முதல் மாத்திரைக்கு முன்பே உயரம், எடை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு நான்கையும் அளந்து எழுதி வாங்குங்கள். குடும்பத்தில் இதய நோய் வரலாறோ, ஓடும்போது மயக்கமோ இருந்தால் இ.சி.ஜி. எடுக்கச் சொல்வார்கள். குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவார்கள். சரியான அளவு பிடிபடச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் நாள்தோறும் மாத்திரை எடுத்த நேரம், கவனம், பசி, தூக்கம், மனநிலை ஆகியவற்றை ஒரு வரியில் குறித்து வாருங்கள். ‘பரவாயில்லை’ என்று மட்டும் சொன்னால் அளவை எப்படிச் சரிசெய்வது என்று மருத்துவருக்குத் தெரியாது.

பசி குறைதல், தூக்கம் தள்ளிப்போதல், தலைவலி, வயிற்றுவலி ஆகியவை சாதாரணமாக வரும் பக்கவிளைவுகள். மாத்திரைக்கு முன் காலை உணவை வயிறு நிறையக் கொடுத்து, மருந்தின் வேகம் இறங்கிய மாலையில் மீண்டும் கொடுத்துச் சமாளித்தோம். மருந்து இறங்கும் நேரத்தில் ஓர் எரிச்சல் வரும். அது பிடிவாதம் இல்லை என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், இல்லாதவை தெரிதல் அல்லது கேட்டல், தற்கொலை எண்ணம் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றே மருத்துவரை அணுக வேண்டும். நீண்ட நேர மாத்திரைகளில் பலவற்றைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. ஒருவருக்கு எழுதிய மாத்திரையை இன்னொருவருக்கு, சொந்தப் பிள்ளைகளுக்குள்ளேயே ஆனாலும், கொடுக்கக் கூடாது.

முதல் மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் மருந்தே ஒத்துக்கொள்ளாது என்று முடிவுகட்ட வேண்டாம். ஊக்கிகளில் ஒரு குடும்பத்துக்கு இணங்காதவர் மற்றொன்றுக்கு இணங்குவதுண்டு. தொடர் கண்காணிப்புக்கு, இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நல்ல அளவுகோல்: 10 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை எடை, பிள்ளைகளுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை உயரம், எல்லோருக்கும் 6 மாதத்துக்கு ஒருமுறையும் அளவு மாறும்போதெல்லாமும் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம்.

9. மருந்துக்கு வெளியே

பெரியவர்களுக்கு அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, அதிலும் நேரத்தையும் வேலையையும் ஒழுங்கு செய்யக் கற்றுத்தருவது, பயன் தரும். பள்ளியிடம் நீண்ட பட்டியல் நீட்டாமல் மூன்றே கேளுங்கள். முன்வரிசையில் இடம், வேலையைச் சிறு துண்டுகளாகத் தருதல், தேர்வில் கூடுதல் நேரம். மூளைப் பயிற்சி விளையாட்டுகள், மூளை அலைகளைத் திரையில் காட்டிப் பழக்கும் அடுக்கடுக்கான நியூரோஃபீட்பேக் அமர்வுகள், ‘மருந்தில்லாமல் குணம்’ என்று விற்கப்படும் பொடிகள் ஆகியவற்றுக்கான சான்று பலவீனமானது. மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் எதிலும் சேராதீர்கள்.

10. மருந்துச் சீட்டு, பயணம், 18 வயது

மெத்தில்ஃபெனிடேட்டும் ஆம்ஃபெட்டமினும் 1971ஆம் ஆண்டின் ஐ.நா. மனமயக்கப் பொருள்கள் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் உள்ளவை. அதனால் பல நாடுகளில் ஒரு சீட்டுக்குக் குறிப்பிட்ட நாள்களுக்கான மருந்துதான் கிடைக்கும், எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்காது. தீருவதற்கு 10 நாள்கள் முன்பே நினைவூட்டல் வையுங்கள். வெளிநாடு போகும்போது மருந்தை அதன் மூலப் பெட்டியிலேயே, சீட்டோடும் மருத்துவர் கடிதத்தோடும் எடுத்துச் செல்லுங்கள். போகும் நாட்டின் தூதரகத்திடம் முன்பே கேளுங்கள். ஒரு நாட்டில் மருந்தாக இருப்பது இன்னொன்றில் குற்றமாகலாம். ஜப்பானுக்குள் ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொண்டுபோக அனுமதி இல்லை.

குழந்தைகள் மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவருக்கு மாறும் கட்டத்தில் பலருடைய சிகிச்சை அறுந்துபோகிறது. 17 வயதிலேயே புதிய மருத்துவரைத் தேடத் தொடங்கி, முதல் அறிக்கை, மருந்து வரலாறு, எந்த மருந்து ஏன் நிறுத்தப்பட்டது என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். என் மகளுக்கு இப்போது 16 முடிந்திருக்கிறது. கோப்பை இனி அவளே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள், கொடுத்தேன், இரண்டாவது வாரம் அதைப் பேருந்தில் விட்டுவிட்டு வந்தாள். எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை ஸ்கேன் செய்து, உங்கள் மின்னஞ்சலிலும் துணைவருடைய மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள்.